கட்டபொம்மன் கதை சொன்னவர், திருத்தணியை மீட்டவர்

சண்டைப் படம் என்றால் கொட்டகை நிறைந்துவிடும். குதிரைகள் பாயும். பீரங்கிகள் முழங்கும். கத்தியோடு கத்தி மோதும். சிறுவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் படம் முடிந்து வீடு திரும்பும்போது மனதில் மிஞ்சுவது என்ன? போர்ப் படத்தின் தரம் அதில்தான் தெரியும்.

தமிழில் வந்த போர்ப் படங்களில் இன்றளவும் மக்கள் மறவாதது "வீரபாண்டிய கட்டபொம்மன்". அந்தப் படத்தின் கதைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பட்டாளத்தில் சேவகம் செய்தவர் அல்லர். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோத்துப் பிழைத்தவர். அவர்தான் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம்.

கட்டபொம்மன் படம் திரைக்கு வந்தது 1959 மே மாதம். அவர் முன்னின்று நடத்திய இன்னொரு போராட்டத்தின் பயனாகத் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் தேதி. இரண்டுக்கும் நடுவே பதினொரு மாதம்கூட இல்லை. முன்னது வாளும் வேலும் கொண்டு நடந்த போரின் கதை. பின்னது ஆயுதம் ஏந்தாமல் நடந்த போர்.

ஏழைப் பிள்ளை

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் 1906-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி சிவஞானம் பிறந்தார். தந்தை பொன்னுசாமி. தாய் சிவகாமி. வீட்டில் வறுமை. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல் பையனால் படிக்க முடியவில்லை.

சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனார். தறியில் உட்கார்ந்து நெசவு நெய்தார். பிறகு டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் "தமிழ்நாடு" பத்திரிகையில் அச்சுக் கோக்கும் வேலை கிடைத்தது.

அச்சுக் கோப்பவர் எழுத்துகளைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் பார்க்கிறவர். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து அடுக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வார்த்தை கெட்டுவிடும். பிறர் எழுதியதைக் கோத்துக் கோத்தே சிவஞானம் தமிழ் கற்றார். நாட்டு நடப்பையும் கற்றார்.

காந்தியடிகளின் அழைப்பு அவரைக் காங்கிரசுக்கு இழுத்தது. கதர் உடுத்தினார். மேடை ஏறினார். பலமுறை சிறை சென்றார்.

சிறையில் கிடைத்த சிலம்பு

1942-ம் ஆண்டு ஆகஸ்டு போராட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். வேலூர்ச் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்து தொலைதூரத்தில் இருந்த அமராவதிச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த ஊர் வெயிலும் சிறைச் சாப்பாடும் அவர் உடம்பை உருக்கிவிட்டன. தீராத வயிற்று வலி பிடித்துக்கொண்டது. கடைசிவரை அந்த வலி அவரை விடவில்லை.

உடம்பு தேய்ந்த அந்த நாட்களில்தான் அவர் மனம் வளர்ந்தது. சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். ஒரு முறையல்ல, பல முறை படித்தார். கண்ணகியின் கோபம் நீதிக்காக எழுந்த கோபம் என்பதைக் கண்டார். தமிழ்நாட்டுக்கு வடக்கே வேங்கட மலை எல்லை, தெற்கே குமரி எல்லை என்பதும் அந்தக் காவியத்தில் அவருக்குப் பதிந்தது.

விடுதலையாகி வந்தபின் ஊர் ஊராகச் சிலம்பைப் பற்றிப் பேசினார். அந்தச் சொற்பொழிவுகளைக் கேட்டு மகிழ்ந்த பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளை அவருக்குச் சிலம்புச் செல்வர் என்ற பட்டத்தை வழங்கினார். மூன்றாம் வகுப்புப் படித்தவருக்குப் பல்கலைக் கழகப் பேராசிரியர் சூட்டிய மகுடம் அது!

1946-ம் ஆண்டில் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மறந்துபோன தமிழ் வீரர்களை மக்களுக்கு நினைவூட்டுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை "கப்பலோட்டிய தமிழன்" என்ற பெயரில் எழுதினார். அடுத்து அவர் கையில் எடுத்தது கட்டபொம்மன் வரலாறு.

யாருக்காகப் போர்ப் படம்?

இங்கே தமிழ் சினிமாவின் பழைய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உலக மகா யுத்தம் நடந்தபோது, யுத்த முயற்சிக்கு உதவுகிற படங்களை எடுக்கும்படி வெள்ளைக்கார சர்க்கார் படமுதலாளிகளை வற்புறுத்தியது. அப்படி வந்தவைதான் கே.சுப்பிரமணியம் எடுத்த "மானசம்ரட்சணம்", சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த "பர்மா ராணி" ஆகியவை. இரண்டும் 1945-ல் வந்தவை. ஜப்பானியனை எதிர்க்க வேண்டும் என்பதே அவற்றின் போதனை.

திறமைசாலிகள் எடுத்த படங்கள்தான். ஆனால் யுத்தம் முடிந்தது. அவற்றின் போதனையும் அதோடு முடிந்தது. ஆளுகிறவன் தன் சௌகரியத்துக்காகச் சொல்லச் சொன்ன பாடம் ஜனங்கள் மனதில் வேர் விடவில்லை.

கட்டபொம்மன் கதை அப்படிப்பட்டதல்ல. யாரும் உத்தரவு போடவில்லை. நூற்றைம்பது வருஷமாகப் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் ஏழை எளியவர்கள் பாட்டாகவும் கூத்தாகவும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

ஏடு சொன்னது, ஏட்டில் இல்லாதது

கட்டபொம்மன் வரலாற்றுக்கு ஆதாரங்கள் இரண்டு வகை. ஒன்று நாட்டுப் பாடல். மற்றொன்று அவரை எதிர்த்த ஆங்கிலேயர்களே எழுதிவைத்த கடிதங்களும் குறிப்புகளும்.

1798-ம் வருஷம் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைப் பேட்டிக்கு அழைத்தான். அழைத்த இடத்தில் பார்க்காமல் ஊர் ஊராக அலையவைத்தான். கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில் பேட்டி நடந்தது. பாளையக்காரரை மூன்று மணி நேரம் நிற்கவைத்தான். கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டான். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு நடந்த விசாரணையில் ஜாக்சனின் போக்கே தவறென்று தெரிந்து, அவன் பதவியை இழந்தான்.

மறு வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். அது மண் கோட்டை. ஆனால் முதல் தாக்குதல் பலிக்கவில்லை. வெள்ளை அதிகாரிகள் சிலர் மாண்டார்கள். மேலும் படையும் பீரங்கிகளும் வரவே, கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டை எல்லையில் பிடிபட்டார். 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

மறுநாளே பானர்மேன் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தைக் கால்டுவெல் பாதிரியார் தம்முடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் வெளியிட்டிருக்கிறார். விசாரணை நடந்தபோது கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சவில்லை என்று அதில் பகைவனே ஒப்புக்கொள்கிறான். வெள்ளையருக்குத் துணைபோன பாளையக்காரர்களை அவர் இகழ்ச்சியாகப் பார்த்தார் என்றும், உறுதியான நடையோடு தூக்கு மரத்துக்குச் சென்றார் என்றும் எழுதுகிறான்.

இன்னும் ஒரு செய்தியும் அதில் இருக்கிறது. போகும் வழியில் அவருடைய கவலையெல்லாம் வாய் பேசாத தம்பியைப் பற்றியதாகவே இருந்ததாம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து நின்றே உயிர் விட்டிருக்கலாம் என்று வருந்தினாராம்.

வீரனுக்கும் வருத்தம் உண்டு. தம்பியை நினைத்துக் கலங்குகிற நெஞ்சும் உண்டு. கற்பனையில் செய்த வீரனைக் காட்டிலும் ரத்தமும் சதையுமான இந்த வீரன் நமக்கு நெருங்கியவன் அல்லவா?

நாடகம் படமாயிற்று

1957-ம் ஆண்டில் சிவாஜி கணேசன் கட்டபொம்மன் கதையை நாடகமாக மேடையேற்றினார். சக்தி டி.கே.கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். போகுமிடமெல்லாம் கூட்டம் அலைமோதியது. நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டவும் அந்த நாடகம் உதவியது.

அதைப் படமாக்க முன்வந்தவர் பத்மினி பிக்சர்ஸ் பி.ஆர்.பந்துலு. கதையைச் சரிபார்க்க ஒரு குழு அமைந்தது. கட்டபொம்மனைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியிருந்த ம.பொ.சி. அதற்குத் தலைவரானார்.

சிவாஜி கட்டபொம்மனாக வந்தார். ஜெமினி கணேசன் வெள்ளையத்தேவன். பத்மினி வெள்ளையம்மாள். ஓ.ஏ.கே.தேவர் ஊமைத்துரை. வி.கே.ராமசாமி எட்டப்பன். சி.ஆர்.பார்த்திபன் ஜாக்சன் துரை. ஜாவர் சீதாராமன் பானர்மேன். போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தார்கள். படத்தின் வர்ணப் பிரதிகள் லண்டனில் டெக்னிக்கலர் முறையில் தயாராயின. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு சிவாஜிக்கும், சிறந்த இசைக்கான பரிசு ஜி.ராமநாதனுக்கும் கிடைத்தன.

படம் முழுக்க முழுக்கச் சரித்திரமா? இல்லை. ராமநாதபுரத்தில் கால் கடுக்க நின்ற பேட்டி, திரையில் சொற்போராக மாறியது. வெள்ளையம்மாளின் காதலும் வீரமும் நாட்டுப் பாடலின் கொடை. பழி முழுவதும் எட்டப்பன் தலையில் விழுந்தது. பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை என்பதைப் பலர் மறந்தே போனார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. எழுத்தாளர் தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். சரித்திரம் தெரிந்தவர்கள் நடுவே வாதம் மூண்டது. அதனால் நன்மையே விளைந்தது. அதுவரை பழைய ஏடுகளைப் புரட்டாதவர்களும் புரட்டினார்கள்.

ஆனால் அடிப்படையான ஒன்றைப் படம் மாற்றவில்லை. அது தோல்வி. கட்டபொம்மன் வெல்வதாகக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கோட்டை விழுந்தது. நண்பர்கள் மாண்டார்கள். தலைவன் தூக்கில் தொங்கினான். கொட்டகையில் அழாத தாய்மார்கள் இல்லை. தோற்றாலும் தலை குனியாமல் இருக்க முடியும் என்ற பாடம் அந்தக் கண்ணீரோடு உள்ளே இறங்கியது.

திரைக்கு வராத தாய்

தூக்கு மரத்தோடு படம் முடிகிறது. போர் அதோடு முடியவில்லை.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மறுபடி எழுப்பினார்கள். மார்ச் 31-ந் தேதி வெள்ளையர் தாக்கித் தோற்றார்கள். பெரும்படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்து மே 24-ந் தேதிதான் பிடிக்க முடிந்தது.

அந்தப் போரில் வெள்ளையர் பக்கம் நின்றவர் வெல்ஷ் என்ற அதிகாரி. ஊமைத்துரையைப் பற்றி மதிப்போடு தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் ஒரு சம்பவம் கல் நெஞ்சையும் கரைக்கும்.

போர் ஓய்ந்த களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடினாள். குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி சொன்னான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. தாய் மகனை விட்டாள். மற்றப் பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எதிரிகள் தேடி வந்தபோது, உடம்பை மூடி வைத்து, அம்மை கண்டு இறந்தவன் என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள்.

ஊமைத்துரை பிழைத்தார். பிறகு பிடிபட்டு அதே வருஷம் நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

போர் என்பது குதிரைப் பாய்ச்சல் மட்டுமல்ல. பெற்ற மகனைக் களத்தில் விட்டுவிட்டு நடந்த அந்தத் தாயின் காலடியும் போர்தான். அதைக் காட்டும் படமே உண்மையான போர்ப் படம்.

கோபம் தணிந்த மலை

இப்போது திருத்தணிக்கு வருவோம்.

செரு என்றால் போர். சூரபத்மனோடு நடந்த போரும், வள்ளிக்காக வேடர்களோடு நடந்த போரும் முடிந்து, முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் செருத்தணி என்று பெயர் வந்து, அது திருத்தணி ஆயிற்று என்பார்கள். கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் சம்ஹாரம் கிடையாது. முருகனுக்கு மலர் சொரிந்து வணங்குவார்கள்.

அந்த மலையைச் சுற்றித்தான் ம.பொ.சி. நடத்திய போராட்டத்தின் முக்கியமான கட்டம் நடந்தது.

மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரியும் காலம் அது. 1952 டிசம்பர் 15-ந் தேதி, ஆந்திர ராஜ்யம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு உயிர் நீத்தார். ஆந்திரம் பிரிவது உறுதியாயிற்று. சென்னை நகரத்தையே கேட்டார்கள். சென்னை தமிழருக்கே என்று ம.பொ.சி. முழங்கினார். ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச்சில் பிரதமர் நேரு அறிவித்தார். சென்னை தப்பியது.

ஆனால் வடக்கு எல்லை தப்பவில்லை. சித்தூர் ஜில்லா முழுவதும் ஆந்திரத்துக்குப் போயிற்று. அதோடு திருத்தணியும் போயிற்று.

அந்த வட்டாரத்தில் முன்பே விழிப்பை உண்டாக்கியவர் தமிழாசிரியர் மங்கலங்கிழார். கிராமம் கிராமமாகப் போய்த் தமிழ் கற்பித்தவர். அவரும் திருத்தணி வக்கீல் கே.விநாயகமும் ம.பொ.சி.க்குத் தோள் கொடுத்தார்கள். ஊர்வலங்கள் நடந்தன. மறியல் நடந்தது. 1953-ல் ம.பொ.சி. திருத்தணியில் தடையை மீறிச் சிறை புகுந்தார். மக்கள் நூற்றுக்கணக்கில் அவர் பின்னே சென்றார்கள். சிறை சென்ற தொண்டர்களில் இருவர் உயிர் துறந்தார்கள். மங்கலங்கிழாரும் பலனைப் பார்க்காமலே 1953-ல் கண் மூடினார்.

அங்கே கத்தி இல்லை. பீரங்கி இல்லை. கொடி இருந்தது, கோரிக்கை இருந்தது, சிறைக்குப் போகும் துணிவு இருந்தது.

இரு ராஜ்யங்களும் பட்டாஸ்கரை நடுவராக ஏற்றன. எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று பார்த்துப் பிரித்தார்கள். 1959-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சென்னை ராஜ்யமும் சில கிராமங்களை ஆந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தது.

முழு வெற்றி அல்ல. திருப்பதியும் சித்தூரும் திரும்பவில்லை. வேங்கடம் போயிற்று. தணிகை வந்தது.

பகை இல்லாத போர்

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

கட்டபொம்மன் பிறந்த கம்பளத்து நாயக்கர் குலத்தின் வீட்டு மொழி தெலுங்கு. அவரைப் படமாக எடுத்த பந்துலு கன்னட நாட்டவர். வெள்ளையம்மாளாக நடித்த பத்மினி மலையாளத்துப் பெண். ஆந்திரத்தோடு எல்லைக்கு மல்லுக்கு நின்ற அதே காலத்தில், தெலுங்கு பேசும் குலத்தில் தோன்றிய வீரனைத் தமிழகம் முழுவதும் கொண்டாடும்படி செய்தார் ம.பொ.சி.!

மண்ணுக்காக வாதாடலாம். அதற்காக மனிதர்களைப் பகைக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் ஆடிக் கிருத்திகையில் தமிழ்க் காவடியும் தெலுங்குக் காவடியும் ஒரே படிக்கட்டில்தான் தணிகை மலை ஏறுகின்றன.

கடைசி நாட்கள்

அவருடைய "கப்பலோட்டிய தமிழன்" நூலையும் பந்துலு 1961-ல் படமாக எடுத்தார். அதில் குதிரையும் பீரங்கியும் இல்லை. வெள்ளையனை எதிர்த்துக் கப்பல் விட்டவர், சிறையில் செக்கிழுத்தார். அப்போது படம் சரியாக ஓடவில்லை. போகப் போகத்தான் அதன் அருமை தெரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேடிப்பிடித்துக் காட்டும் படங்களில் ஒன்றாயிற்று.

வள்ளலாரைப் பற்றி எழுதிய நூலுக்காக 1966-ல் ம.பொ.சி.க்கு சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. தமிழ்நாடு சட்ட மேலவையின் தலைவராக, அந்த மேலவை 1986-ல் கலைக்கப்படும் வரை வீற்றிருந்தார். ஒரு காலத்தில் அச்சுக்கூடத்தில் மற்றவர்களின் பேச்சைக் கோத்தவர், படித்த மேதைகள் பேசுவதற்கு அனுமதி கொடுக்கும் நாற்காலியில் அமர்ந்தார்.

1995 அக்டோபர் 3-ந் தேதி அவர் காலமானார். வயது 89.

கயத்தாற்றில் கட்டபொம்மன் சிலை நிற்கிறது. 1970-ல் சிவாஜி கணேசன் சொந்தமாக நிலம் வாங்கி நிறுவிய சிலை அது. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு நினைவுக் கோட்டை கட்டியது. ம.பொ.சி.க்குத் திருத்தணி மலையே நினைவுச் சின்னம்.

கொட்டகையில் சண்டைக் காட்சி வரும்போது குழந்தைகள் கை தட்டட்டும். தவறில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியவர்கள் அவர்களுக்கு இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும். மகனைக் களத்தில் விட்டு வந்த தாயின் கதை ஒன்று. வாள் எடுக்காமல் ஓர் ஊரை மீட்டவர்களின் கதை மற்றொன்று. இரண்டையும் கேட்ட பிள்ளைக்கு வீரம் என்றால் என்னவென்று தானாகவே விளங்கும்.